கிளாஸ்டன்பரி ஃபேர்: கடனை அடைக்க வந்த மூன்று இசைத்தட்டுகள்

‘கிளாஸ்டன்பரி ஃபேர்’ 1972இல் இங்கிலாந்தில் வெளியான தொகுப்பு ஆல்பம். மூன்று எல்.பி. இசைத்தட்டுகள், ஆறு பக்கங்கள். அதற்கு முந்தைய ஆண்டு சாமர்செட் வட்டாரத்துப் பால்பண்ணை ஒன்றில் இலவச இசைவிழா நடந்தது. அந்த விழா விட்டுச்சென்ற கடனை அடைப்பதற்காக ரெவலேஷன் என்ற சிறு நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. டேவிட் போவி, மார்க் போலன், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ஆகிய பெரிய பெயர்களும், லண்டனின் லேட்பிரோக் குரோவ் பகுதியில் இலவசமாக வாசித்துத் திரிந்த குழுக்களும் ஒரே உறைக்குள் இடம்பெற்றது இதன் தனிச்சிறப்பு. இவர்கள் வெவ்வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள். வணிகக் கணக்குப்படி பார்த்தால் இவர்கள் ஒன்றாக வந்திருக்கவே முடியாது. நன்கொடையாகப் பாட்டைக் கொடுத்ததால்தான் அது நடந்தது. பின்னாளில் இந்த ஆல்பம் கிடைப்பதற்கு அரிதானதற்கும் அதே ஏற்பாடே பெரிய காரணம்.

இந்த இசை பிறந்த சூழல் பிரிட்டனில் ‘அண்டர்கிரவுண்ட்’ எனப்பட்டது. தலைமறைவாக நடந்த எதுவும் இல்லை. பெரிய பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் வெளியே இளைஞர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட உலகம் அது. இன்டர்நேஷனல் டைம்ஸ், ஆஸ், ஃபிரெண்ட்ஸ் முதலிய இதழ்கள் அவர்களுடையவை. ஆஸ் ஆசிரியர்கள் மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டு லண்டனில் விசாரணை நடந்ததும் இதே 1971 கோடையில்தான். இசையைப் பொறுத்தவரை, மூன்று நிமிடப் பாட்டு என்ற வானொலி வரம்பை இவர்கள் பொருட்படுத்தவில்லை. மேடையில் ஒரே உருப்படியை இருபது நிமிடம் நீட்டுவார்கள். பணம் வாங்காமல் வாசிப்பதைக் கொள்கையாகவே சிலர் வைத்திருந்தார்கள். 1970இல் ஐல் ஆஃப் வைட் தீவில் கட்டண விழா நடந்தபோது, வேலிக்கு வெளியே நின்றவர்களுக்காக ஹாக்விண்ட் குழுவும் பிங்க் ஃபேரீஸ் குழுவும் இலவசமாக வாசித்தன.

அந்த ஐல் ஆஃப் வைட் விழாவுக்குப் போய் மனம் வெறுத்துத் திரும்பியவர்களில் ஆண்ட்ரூ கெர் ஒருவர். வின்ஸ்டன் சர்ச்சிலின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய மகன் ரண்டால்ஃப் எழுதியபோது ஆய்வு உதவியாளராக இருந்தவர். வேலியும் காவல் நாயும் டிக்கெட்டும் இல்லாத விழா ஒன்றை நடத்த வேண்டும் என்று முடிவு செய்தார். சர்ச்சிலின் பேத்தி அரபெல்லா சர்ச்சில் அவரோடு சேர்ந்துகொண்டார். இடம் பில்டன் கிராமத்தில் உள்ள வொர்தி பண்ணை. அதன் சொந்தக்காரரான மைக்கேல் ஈவிஸ் என்ற இளம் பால்பண்ணைக்காரர் 1970 செப்டம்பரில் அங்கே ஒரு சிறு விழாவை ஏற்கெனவே நடத்தியிருந்தார். ஒரு பவுண்டு கட்டணம், வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். சுமார் 1,500 பேர் வந்தார்கள். விழா ஈவிஸுக்கு நஷ்டத்தில்தான் முடிந்தது.

கெர் நடத்திய விழா 1971 ஜூனில், ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டிப் பல நாட்கள் நீடித்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சுமார் 12,000 பேர் வந்ததாகக் கணக்கு. பில் ஹார்கின் வடிவமைத்த பிரமிடு மேடை அப்போதுதான் முதன்முதலாக எழுந்தது. சாரக் குழாய்களை முடுக்கி, மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்திய கட்டுமானம். எகிப்தின் பெரிய பிரமிடில் பத்தில் ஒரு பங்கு அளவு. நிகழ்ச்சிகள் நேரம் தவறித் தவறி, போவியின் முறை வந்தபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. அவருக்கு அப்போது பெரிய பெயர் இல்லை. பாதிக் கூட்டம் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்டது. இந்தியாவிலிருந்து அந்த மாதம்தான் பிரிட்டன் வந்திருந்த 13 வயது குரு மகராஜ்ஜி என்ற பிரேம் ராவத்தும் அந்த மேடையில் ஏறிப் பேசினார். சமஸ்கிருத மந்திரங்களை ராக் இசையில் பாடிவந்த குவின்டெஸன்ஸ் என்ற லண்டன் குழுவும் அங்கே வாசித்தது.

இலவச விழா என்றால் செலவு இல்லை என்று பொருளில்லை. மேடை, ஒலிபெருக்கி, மின்சாரம், கழிப்பிடம் எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கொடுத்தாக வேண்டும். விழாவைப் படமாக்க ஒரு குழு வந்திருந்தது. பீட்டர் நீலும் நிக்கலஸ் ரோகும் எடுத்த அந்தப் படம் 1972இல் வெளியானது. ஆனால் படத்தை நம்பிக் கடனை அடைக்க முடியாத நிலை. இங்கேதான் இசைத்தட்டு யோசனை வருகிறது. மூன்று தட்டு ஆல்பம் அப்போது புதிய வடிவம் இல்லை. உட்ஸ்டாக் விழாவின் ஆல்பம் 1970இல் மூன்று தட்டுகளாக வந்து நன்றாக விற்றிருந்தது. ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் ஜார்ஜ் ஹாரிசன் 1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடத்திய வங்கதேச நிவாரணக் கச்சேரியும் அதேபோல் மூன்று தட்டுகளாக வந்தது. அந்த இரண்டுக்கும் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருந்தன. கிளாஸ்டன்பரிக்கு அப்படி யாரும் இல்லை. ரெவலேஷன் என்ற பெயரில் தனியாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கலைஞர்களையும் அவர்களுடைய நிறுவனங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாட்டுகளை வாங்கினார்கள். போவி ஆர்.சி.ஏ.வில் இருந்தார், ஹாக்விண்ட் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸில், பிங்க் ஃபேரீஸ் பாலிடோரில், எட்கர் பிரோட்டன் குழு ஹார்வெஸ்டில், கிரேட்ஃபுல் டெட் வார்னரில். ஒரு பாட்டுக்கு ஒரு கதவு என்று தட்டித் தட்டித்தான் ஆறு பக்கங்கள் நிரம்பின.

விழாவின் பெயரைத் தாங்கிய இந்த ஆல்பத்தில் விழா மைதானத்தில் பதிவான இசை குறைவு. படத்தில் தோன்றும் டிராஃபிக், ஃபேமிலி, மெலனி, டெர்ரி ரீட், குவின்டெஸன்ஸ் ஆகியோர் தட்டில் இல்லை. தட்டின் முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் கிரேட்ஃபுல் டெட் விழாவுக்கு வரவே இல்லை. டவுன்ஷெண்டும் அப்படித்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. விழாவின் ஆவணமாக மட்டும் பார்த்தால் குறைதான். ஆனால் அந்த ஆண்டில் அந்த உலகத்தில் யார் யார் ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள் என்பதற்கான ஆவணமாகப் பார்த்தால் இதைவிட முழுமையான இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

முதல் பக்கத்தில் ஒலிப்பது ‘டார்க் ஸ்டார்’. சான் பிரான்சிஸ்கோவின் கிரேட்ஃபுல் டெட் 1968இல் இதைச் சிறு பாட்டாக வெளியிட்டது. மேடையில் அது ஒவ்வொரு முறையும் வேறு உருவம் எடுக்கும். இரண்டு சிறு பத்திகள் பாடப்படும். மற்ற நேரமெல்லாம் கித்தாரும் பேஸும் பியானோவும் ஒன்றையொன்று கவனித்துக்கொண்டே வழி தேடிப் போகும். விரிவான ராக ஆலாபனையைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுகளுக்கு இந்தப் பயணம் அந்நியமாகப் படாது. எடுப்பு அடையாளம் தெரியும், போகும் பாதை அன்றைக்கு அன்றைக்குத் தீர்மானமாகும். இதில் உள்ளது 1972 ஏப்ரல் 8 அன்று லண்டன் வெம்பிளி எம்பயர் பூல் அரங்கில் வாசித்தது. அந்தக் குழுவின் புகழ்பெற்ற ஐரோப்பியப் பயணத்தின் இரண்டாவது கச்சேரி. அன்று அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய உருப்படியைச் சுமார் 24 நிமிடமாகச் சுருக்கி ஒரு பக்கத்தில் அடக்கினார்கள்.

ஒரே பக்கத்தில் 24 நிமிடம் என்பது எல்.பி. தட்டுக்குச் சுமை அதிகம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில் ஒலி ஒரே நீண்ட சுருள் பள்ளமாகப் பதிகிறது. பாட்டு நீண்டால் பள்ளங்கள் நெருங்கி அமைய வேண்டும். நெருங்கிய பள்ளங்களில் சத்தத்தை உரக்கப் பதித்தால் ஒன்றின் சுவர் மற்றொன்றை இடிக்கும், முள் தாவிவிடும். ஆகவே இத்தகைய பக்கங்களைக் குறைந்த ஒலியளவில்தான் வெட்டுவார்கள். கேட்பவர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைக்க வேண்டும், அப்போது தட்டின் கரகரப்பும் கூடவே எழும். பக்கத்தின் தொடக்கத்தில் தெளிவாக இருக்கும் ஒலி, முள் நடுவை நெருங்கும்போது சற்று மங்கும். உள்வட்டத்தில் தட்டு ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறைவு என்பதே இதற்குக் காரணம். நீண்ட உருப்படிகளை விரும்பிய அண்டர்கிரவுண்ட் குழுக்கள் எல்லாம் இந்தக் கட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

உண்மையில் அந்த மைதானத்தின் மணம் வீசும் உருப்படிகளில் முதலாவது மைட்டி பேபி குழுவின் நீண்ட கருவியிசை. இவர்கள் 1960களில் தி ஆக்‌ஷன் என்ற பெயரில், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் சிறு பாட்டுகள் பதிந்தவர்கள். 1971க்குள் ஆளே மாறியிருந்தார்கள். உறுப்பினர்களில் பலர் சூஃபி வழியை ஏற்று இஸ்லாத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் பின்னர் ஹபிபியா என்ற பெயரில் ஓர் ஆல்பமும் செய்தார்கள். கிளாஸ்டன்பரி மைதானத்தில் அவர்கள் வாசித்ததில் பாட்டு இல்லை, அவசரமும் இல்லை. ஒரே சுருதியைச் சுற்றிக் கித்தாரும் கீபோர்டும் பின்னிக்கொண்டு போகின்றன. டிரம்ஸ் மெல்ல மெல்ல வேகம் கூட்டுகிறது. எங்கே உச்சம் என்று சுட்டிக்காட்ட முடியாத வகையில் அது ஏறி இறங்குகிறது. இந்த மூன்று தட்டுகளில் மறுபடி மறுபடி கேட்கத் தூண்டுவது எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பெரிய பெயர்களுக்காக ஆல்பத்தைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் தங்கிவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது காங் குழுவின் உருப்படி. இதை நடத்தியவர் டேவிட் ஆலன் என்ற ஆஸ்திரேலியர். சாஃப்ட் மெஷின் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1967இல் பிரான்சிலிருந்து திரும்பியபோது பிரிட்டனுக்குள் நுழைய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதனால் பிரான்சிலேயே தங்கிக் காங்கை உருவாக்கினார். விழாவுக்கு அங்கிருந்து வந்தார்கள். உருப்படியின் தலைப்பே ஒரு வாக்கிய நீளம். ஜாஸ் சாயலும் வேடிக்கையும் மந்திரம் ஓதுவதுபோன்ற குரலும் கலந்த அந்த இசை, பதிவின் தரம் சுமாராக இருந்தாலும் உற்சாகத்தில் குறையில்லாதது.

மற்றவற்றில் போவியின் ‘தி சூப்பர்மென்’ தனியாகக் குறிப்பிடத் தக்கது. 1970 ஆல்பத்தில் ஏற்கெனவே வந்திருந்த பாட்டு. இந்தத் தொகுப்புக்காக 1971 நவம்பரில் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில், ‘ஸிகி ஸ்டார்டஸ்ட்’ பதிவுகள் நடந்துகொண்டிருந்தபோதே மறுபடி பதிந்து கொடுத்தார். பழைய பதிவைவிட இது கட்டுக்கோப்பானது. மிக் ரான்சனின் கித்தார் இதில் துலக்கமாக நிற்கிறது. பழைய நாடா ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடாமல் புதிதாக உழைத்துக் கொடுத்திருக்கிறார் என்பது அவர் பெருமை. போலனின் பாட்டும் டவுன்ஷெண்டின் பாட்டும் வெள்ளோட்டப் பதிவுகள், அதாவது குழுவுக்கு முன் கலைஞர் தனியாகப் பதிந்து பார்ப்பவை. அலங்காரம் இல்லாத அந்த எளிமை இங்கே பொருந்துகிறது. பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் குழு ஒரு சிறு பாட்டைத் தந்தது. 1970இல் நிர்வாகிகள் பத்திரிகையாளர்களை விமானத்தில் நியூயார்க்குக்கு ஏற்றிச் சென்று அந்தக் குழுவை விளம்பரப்படுத்தப் பார்த்தார்கள். அது பெரும் தோல்வியாக முடிந்தது. அதற்குப் பின் ஆடம்பரத்தை விட்டுவிட்டு மதுக்கடை மேடைகளில் வாசித்துத் தன்னை மீட்டுக்கொண்ட குழு இது.

கடைசிப் பக்கங்கள் லேட்பிரோக் குரோவ் ஆட்களுக்கும் அவர்கள் கூட்டாளிகளுக்கும் உரியவை. பிங்க் ஃபேரீஸ் இரண்டு டிரம்மர்களோடு இடித்துத் தள்ளும் குழு. அவர்கள் இசையில் நுணுக்கம் தேடக் கூடாது, வேகம்தான் எல்லாம். ஸ்கின் ஆலி இன்று அதிகம் பேசப்படாத பெயர். எட்கர் பிரோட்டன் குழு தந்தது தன் கச்சேரிகளில் கூட்டத்தையே சேர்ந்து கத்த வைக்கும் ‘அவுட் டீமன்ஸ் அவுட்’. பேய்களை விரட்டும் கோஷம் அது. வியட்நாம் போரை எதிர்த்து 1967இல் பென்டகன் கட்டடத்தின் முன் நடந்த பேயோட்டும் சடங்கில் நியூயார்க்கின் ஃபக்ஸ் குழு கிளப்பியதிலிருந்து எடுத்தது. மைதானத்தில் ஆயிரம் பேரோடு சேர்ந்து கத்தும்போது கிடைக்கும் வேகம் வீட்டில் தட்டில் கேட்கும்போது பாதிதான் வருகிறது.

ஹாக்விண்ட் தந்த பதிவுக்குத் தனிக் கதை உண்டு. அது 1972 பிப்ரவரி 13 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் எடுத்தது. ரவுண்ட்ஹவுஸ் 1847இல் ரயில் எஞ்சின்களைத் திருப்பி நிறுத்தக் கட்டிய வட்டக் கொட்டகை. 1966இல் இன்டர்நேஷனல் டைம்ஸ் இதழின் தொடக்க விழா நடந்ததிலிருந்து அண்டர்கிரவுண்ட் இசையின் தாய்வீடாக இருந்தது. அன்றைய நிகழ்ச்சியை நடத்தியவர்கள் கிரீஸி டிரக்கர்ஸ் என்ற குழுவினர். நாட்டிங் ஹில் பகுதியில் தங்க இடமில்லாத இளைஞர்களுக்கு விடுதி அமைக்கப் பணம் திரட்டுவது நோக்கம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பிரிட்டன் முழுவதும் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்கள் அவை. நெருக்கடி நிலை அறிவித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நிகழ்ச்சிக்கு நடுவிலும் மின்சாரம் போனது. அந்த இரவில் பதிவான ‘சில்வர் மெஷின்’ பாட்டில் முதலில் பாடியவர் ராபர்ட் கால்வெர்ட். அவர் குரல் சரியாக அமையவில்லை என்று, பேஸ் வாசித்த லெம்மியின் குரலை ஸ்டுடியோவில் மேலே ஏற்றித் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. பணம் வாங்காமல் வாசித்த ஓரிரவு, அந்தக் குழுவின் ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ பயணத்துக்கே முதல் கொடுத்தது.

அதே நிகழ்ச்சியில் வாசித்த மேன், பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ், ஹாக்விண்ட் ஆகிய மூன்று குழுக்களின் இசை ‘கிரீஸி டிரக்கர்ஸ் பார்ட்டி’ என்ற இரட்டை ஆல்பமாக அதே ஆண்டு வந்தது. 20,000 பிரதிகள்தான் என்று அறிவித்து, ஒன்றரை பவுண்டுக்கு விற்றார்கள். இரட்டை ஆல்பத்துக்கு மிக மலிவான விலை. கேமல், காங், ஹென்றி கௌ, குளோபல் வில்லேஜ் டிரக்கிங் கம்பெனி ஆகிய நான்கு குழுக்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்து, டிங்வால்ஸ் அரங்கின் பெயரைத் தாங்கிய இரண்டாவது தொகுப்பும் பின்னர் வெளியானது. கிளாஸ்டன்பரி ஃபேர் ஆல்பத்துக்கு உடன்பிறப்புகள் என்று இந்த இரண்டையும் சொல்லலாம்.

ஆல்பத்தின் உறையை வடிவமைத்தவர் பார்னி பபிள்ஸ். ஹாக்விண்டின் உறைகளையும் விளம்பரங்களையும் வரைந்தவர். இங்கே அவர் செய்தது உறை என்ற சொல்லுக்குள் அடங்காது. அச்சிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் பை ஒன்று. அதற்குள் விரித்தால் சுவரொட்டி அளவுக்கு நீளும் மடிப்பு அட்டை. உள்ளே மூன்று தட்டுகள், சிறு புத்தகங்கள், கத்தரித்து மடித்து ஒட்டினால் மேடையைப்போலவே எழும் அட்டைப் பிரமிடு. பணம் திரட்ட வந்த ஆல்பத்துக்கு இத்தனை ஆடம்பரமா என்ற கேள்வி நியாயமானதே. அச்சுச் செலவு வருமானத்தில் கணிசமாகக் கடித்திருக்கும். ஆனால் வாங்கியவர் கையில் ஒரு சிறு விழாவையே கொடுக்க வேண்டும் என்று பபிள்ஸ் நினைத்தது அந்த மடிப்புகளில் தெரிகிறது.

இன்று பழைய தட்டுகளைச் சேகரிப்போர் இதில் தேடுவதும் உறையோடு வந்த அந்தப் பொருட்களைத்தான். பிளாஸ்டிக் பை மெல்லியது, தையல் ஓரம் எளிதில் கிழியும். காலப்போக்கில் சுருங்கி அட்டையை வளைக்கும். பிரமிடைக் கத்தரித்து ஒட்டி விளையாடியவர்கள் விளையாடிவிட்டார்கள், அப்படிச் செய்வதற்காகத்தானே அதைக் கொடுத்தது. ஆகவே கத்தரிக்காத பிரமிடும் கிழியாத பையும் புத்தகங்களும் சேர்ந்த பிரதி என்றால் விலை பல மடங்கு. தட்டுகள் மட்டும் நல்ல நிலையில் உள்ள பிரதி ஓரளவுக்குக் கைக்கு எட்டும். சிறு நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டது என்பது அருமைக்கு ஒரு காரணம். ரெவலேஷன் இதற்குப் பின் சில்லி வில்லி அண்ட் தி ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது, நீண்ட காலம் நிலைக்கவில்லை.

மறுபதிப்பு எளிதாக இல்லாததற்குக் காரணம் உரிமைகள். கலைஞர்கள் அந்த ஒரு காரியத்துக்காகப் பாட்டைக் கொடுத்தார்கள், உரிமை அவரவரிடமும் அவரவர் நிறுவனத்திடமுமே இருந்தது. மறுபடி கொண்டுவர வேண்டுமானால் அன்று தட்டிய கதவுகளை எல்லாம் இன்று மறுபடி தட்ட வேண்டும். இன்று அந்தக் கதவுகளுக்குப் பின்னால் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். எனவே ஆல்பத்திலிருந்த பாட்டுகள் தனித்தனியாக அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. போவியின் பாட்டு 1990இல் ‘ஹங்கி டோரி’ சி.டி. மறுபதிப்பில் கூடுதல் பாட்டாகச் சேர்ந்தது. வெம்பிளி ‘டார்க் ஸ்டார்’ சுருக்காத வடிவில் 2002இல் கிரேட்ஃபுல் டெட்டின் ‘ஸ்டெப்பின் அவுட்’ தொகுப்பிலும், பின்னர் 2011இல் அந்தப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் முழுமையாகத் தந்த பெட்டியிலும் வந்தது. ‘கிரீஸி டிரக்கர்ஸ் பார்ட்டி’ 2007இல் மூன்று சி.டி.களாக விரிந்து வெளியானது. போவியும் டெட்டும் ஹாக்விண்டும் இப்படி எளிதாகக் கிடைக்கிறார்கள். மைட்டி பேபியும் காங்கும் அந்த மைதானத்தில் வாசித்ததை அவர்களுக்கு அடுத்தடுத்து, அந்த ஆல்பத்தின் வரிசையில் கேட்க வேண்டும் என்றால் 1972இன் மூன்று தட்டுகளைத்தான் தேடியாக வேண்டும்.